கடை மதகின் கோப்புறை

இத்தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தோழர்களுக்கு என் பணிக்காலத்திலிருந்து ஒரு நிகழ்ச்சியை எழுதித் தர ஒப்புக்கொண்டேன். எழுதுமுன் ஒரு வரையறையை எனக்கே விதித்துக்கொள்கிறேன். நான் கண்ணால் கண்டவை, காதால் கேட்டவை, கணினி தானே பதிந்து வைத்திருந்தவை ஆகிய மூன்றுமே இங்கு இடம்பெறும். பிறர் சொல்லி நான் சரிபார்க்க இயலாதவை வருமிடத்தில் ‘என்றார்கள்’ என்று சேர்ப்பேன். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்றால், பழுதுநீக்குபவனின் சொல்லை வாடிக்கையாளரால் சரிபார்க்க முடியாது. ‘கணினியில் இப்படித்தான் பதிவாகியிருக்கிறது’ என்று நாம் சொன்னால் ஊர் நம்பிவிடும். அந்நம்பிக்கையால் ஒருவருடைய பிழைப்பு போகவும் கூடும். இந்நிகழ்ச்சியில் அப்படி ஒருவருடைய பிழைப்பு போக இருந்தது.

ஊர்ப் பெயர்களையும் மனிதர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். வேறெதையும் மாற்றவில்லை.

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில் எனக்குக் கணினி பழுதுநீக்கும் கடை இருந்தது. அங்கிருந்து மானாம்பதி போகும் பக்கத்தில் ஓர் ஏரி. அதன் நீரை இரண்டு ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. கரையின் மேற்புறத்து மதகுக்கு உரியதை மேலூர் என்றும், கடைசி மதகுக்கு உரியதைக் கடையூர் என்றும் அழைக்கிறேன். ஏரியில் நீர் குறையும் காலத்தில் எந்த மதகு முதலில் திறக்கப்படும், எவர் வயலுக்கு எத்தனை மணி நேரம் என்று ஒரு முறைப்பட்டியல் வகுப்பார்கள். மதகைத் திறக்கும் இரும்புச் சாவி மேலூரில் இருக்கும். முறைப்பட்டியல் எழுதிய ஏடு கடையூரில் இருக்கும். ஏட்டைக் காட்டாமல் சாவி வெளியே வராது. இரண்டுக்கும் இடையே நடந்து, மதகைத் திறந்து மூடுபவர் நீர்க்கட்டி. என் காலத்தில் அப்பணியில் இருந்தவர் அந்தோணி. அவருக்கு அந்த ஏரியின் கீழ் ஒரு செண்டு நிலமும் இல்லை. ஆதலால்தான் அவ்வேலை அவர் குடும்பத்திடம் இருந்தது என்றார்கள்.

ஏடு பிற்காலத்தில், ஹார்டு டிஸ்க் எனப்படும் ஒரு புற வன்தட்டாக மாறியது. கைக்குள் அடங்கும் கருப்புப் பெட்டி. துணிப்பையில் சுற்றி அந்தோணி எடுத்துச் செல்வார். அதில் ‘மேல் மதகு’, ‘கடை மதகு’ என இரண்டு கோப்புறைகள். இரண்டையும் இரண்டு ஊராரும் படிக்கலாம். ஆனால் ஒவ்வோர் ஊரும் தன் கோப்புறையில் மட்டுமே எழுதலாம். எங்கும் நகல் வைக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதி. நான் வழக்கம்போல் நகலின் தேவையைப் பற்றி உரை நிகழ்த்தியபோது, “ரெண்டு ஏடு இருந்தா ரெண்டு ஏரி வேணும் சார்” என்று ஒரே வாக்கியத்தில் என்னை அடக்கிவிட்டார்கள். அந்த அமைப்பை முதலில் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. நன்றாகச் செய்திருந்தார்.

அதைக் கெடுத்தவன் நான்.

மேலூரில் தேவகி என்னும் பெண் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் பதிந்து தரும் இ-சேவை மையம் நடத்திவந்தார். மேலூரின் வேலைகள் அவருடைய கணினியில்தான் நடந்தன. தை மாதத்தில் அக்கணினி பழுதாகி, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ நேர்ந்தது. கணினி நம்மைப் பெயரால் அறிவதில்லை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. கோப்புறையின் அனுமதி அந்த எண்ணுக்கே வழங்கப்படுகிறது. புதிதாக நிறுவியதும் பெயர் அதேதான், எண் வேறாகிவிட்டது. வன்தட்டு தேவகியை அந்நியராகக் கருதியது.

“சார், என் ஃபோல்டருக்குள்ள என்னையே வுட மாட்டேங்குது. சொந்த வூட்லயே வாசப்படி தாண்ட முடியல” என்றார் தேவகி.

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. சாதிச் சான்றிதழுக்காக வந்தவர் ஒருவர், “எம்மா, நீ தருவியா, இல்ல இந்த சாரு வந்து தருவாரா? சொல்லிட்டா நாஷ்டாவாச்சும் துன்னுட்டு வருவேன்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கோ பன்னிரண்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. தேவகியின் புதிய எண்ணை அந்த ஒரு கோப்புறையில் சேர்த்திருந்தால் போதும். நான் வன்தட்டின் உச்சியிலிருந்து அடிவரை எல்லாவற்றுக்கும் எல்லாருக்கும் முழு உரிமை என்று வைத்தேன். உள்ளிருந்த தனித்தனி விதிகள் அனைத்தும் அழிந்து, அந்த ஒற்றை விதி எங்கும் படிந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று.

“அவ்ளோதானா சார்? நான் பேஜாராயிட்டேன்” என்றார் தேவகி. நானும் மார்தட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். அந்த விதிகளை ஏன் வைத்திருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவகியே சொல்லியிருப்பார்.

பங்குனியில் ஒரு காலை, கடையைத் திறந்துகொண்டிருந்தபோது தேவகி தொலைபேசியில் அழைத்தார். “சார், உடனே வாங்க. இங்க அந்தோணிய வேலய வுட்டு அனுப்பிக்கினு கீறாங்க.”

சென்றபோது மையத்தின் வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் நின்றார்கள். நவரைப் பட்டத்து நெற்பயிர், கடையூர் வயல்களில் கதிர் பால் பிடிக்கும் பருவம். ஏரியில் இன்னும் இரண்டு முறை திறப்பதற்கான நீரே இருந்தது. முந்தைய வாரக் கூட்டத்தில் இம்முறை கடை மதகே முதலில் என்று பேசி, கடையூரின் கணினியில் அதைப் பதிந்தார்களாம். அச்சிட்ட ஒரு படியை மதகுச் சுவரில் ஒட்டினார்களாம். அச்சுப்படி இப்போது இல்லை. ஆடு தின்றது என்றார்கள். காற்றில் போயிற்று என்றும் சொன்னார்கள். அன்று காலை அந்தோணி வன்தட்டைக் கொண்டுவந்து தேவகியிடம் கொடுக்க, ‘கடை மதகு’ கோப்புறையைத் திறந்தபோது அதில் பழைய பட்டியலே இருந்தது. அதன்படி மேல் மதகு முதலில். கடையூர் எட்டு நாள் கழித்து.

கடையூர் உழவர்களின் சார்பில் பேசுபவர் கன்னியப்பன். அவருடைய வயல் ஏரிநீர் பாயும் கடைசி வயல்களில் ஒன்று. என்னைக் கண்டதும் அவர் குரல் உயர்ந்தது.

“எட்டு நாளு போனா பதரத்தான் சார் அறுக்கணும். நாங்க எய்தி வச்சத மாத்திக்கீறாங்க. யாரு கையில டப்பா இருந்துச்சு? இவன் கையில. ஒரு டீ வாங்கிக் குத்தா ஏடு மாறிடும் போல கீது.”

மேலூர்க்காரர் ஒருவர், “கூட்டத்துல பேசினது வேற, எய்தினது வேற. ஏட்ல இன்னா கீதோ அதான் கணக்கு. நாங்க இன்னா ஏட்ட மீற முடியுமா?” என்றார்.

“ஏரில தண்ணி கீதோ இல்லியோ, உங்க ரெண்டு பேரு வாயில கீது” என்றார் தேவகி. “சாரப் பாக்க வுடுங்க.”

அந்தோணி மேசைக்கு அருகில் நின்றார். மம்பட்டியைச் சுவரோரம் சாத்தி, துணிப்பையை மடித்து மேசைமேல் வைத்திருந்தார். பணியை ஒப்படைத்துவிட்ட நிலை அது. “நான் டப்பா தூக்கினு போறவன் நைனா. உள்ள இன்னா கீதுன்னு ஒரு நாளும் பாத்ததில்ல. எங்க வூட்ல கரெண்டுக்கே பல்பு ஒண்ணுதான்” என்றார். எவரும் சிரிக்கவில்லை.

கன்னியப்பன் என் காதருகே குனிந்தார். “சார், எனக்குப் பட்டியலு மனப்பாடம். சொல்றேன், அப்டியே அடிச்சு உள்ள போட்டுடுங்க. பத்து நிமிசம். எல்லாருக்கும் நிம்மதி.”

தோழர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். அவர் சொன்ன பட்டியல் உண்மையானதாகவே இருக்கக்கூடும் என்று நான் நினைத்தேன். நீர் பாய்ந்திருக்கும், பயிர் பிழைத்திருக்கும். ஆனால் நான் ஒரு வரியை உள்ளே எழுதிய கணத்திலிருந்து அந்த வன்தட்டில் எந்த வரியையும் எவரும் நம்ப வேண்டியதில்லை. அந்தோணியும் மாற்றியவராகவே எஞ்சியிருப்பார். “முடியாதுங்க” என்றேன். முப்பது பேர் வெயிலில் காத்திருக்க அச்சொல்லைச் சொன்னதை எண்ணி இன்றும் பெருமைப்படுகிறேன்.

தேவகியின் கணினியை வழக்கமான முறையில் இயக்காமல், என் பையிலிருந்த, பென் டிரைவ் எனப்படும் விரலியில் உள்ள வேறோர் இயங்குதளத்தால் இயக்கினேன். அதில் வன்தட்டைப் படிக்க மட்டும் முடியும்படி இணைத்தேன். அவ்வாறு இணைத்தால் நானே விரும்பினாலும் ஒரு புள்ளியும் எழுத முடியாது. அதை எல்லாருக்கும் உரக்கச் சொன்னேன். பிறகு எதையும் தேடுவதற்கு முன்பே இன்னொன்றையும் சொன்னேன்.

“தை மாசம் இதுல இருந்த பூட்டையெல்லாம் எடுத்துவிட்டது நான்தான். அவசரத்துல செஞ்சேன். அதுக்கப்புறம் யார் வேணும்னாலும் எதுல வேணும்னாலும் கை வைக்கலாம்னு ஆயிடுச்சு. இன்னிக்கு என்ன தெரிய வந்தாலும் அதுல என் பங்கு உண்டு.”

கன்னியப்பன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீயும் கூட்டா?” என்றார். அதுவரை இருந்த ‘சார்’ போயிற்று.

அந்தோணிதான் பேசினார். “மதகத் தெறக்க ஒரு கடப்பாரை போதும் சார். எவ்ளோ தெறக்கணும்னு தெரியறதுக்குத்தான் ஆளு வச்சிக்கீறாங்க.” குத்தலாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்பதை அவர் குரலிலிருந்து அறிய முடியவில்லை. இரண்டையும் ஏற்றுக்கொண்டேன்.

‘கடை மதகு’ கோப்புறையின் உரிமையாளர் எண்ணை முதலில் பார்த்தேன். அது கடையூர்க் கணினியின் எண்ணாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அங்கிருந்தது தேவகியின் புதிய எண். தை மாதத்தில் நானே குறித்துவைத்தது. கோப்புறை தோன்றிய நாளோ கூட்டத்துக்கு ஆறு நாள் முன்பு. ஆகவே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது மூலக் கோப்புறை அன்று. தேவகியின் கணினியிலிருந்து எடுக்கப்பட்ட நகல். பூட்டுகள் இருந்தவரை அப்படியொரு நகலை அங்கே உண்டாக்கியிருக்க இயலாது.

“நானா?” என்றார் தேவகி. “சார், அந்த மவுசு சில நேரம் புடிச்சா வுடாது, ஒண்ணத் தொட்டா ஒண்ணு வரும். ஆனா நான் தெரிஞ்சு பண்ணல சார்.”

“உங்க கம்ப்யூட்டர்லேர்ந்துன்னுதான் இருக்கு. யார் கைன்னு இல்ல” என்றேன். அந்த வேறுபாட்டை நீங்கள் எந்நாளும் மறவாதிருங்கள்.

நகல் கூட்டத்துக்கு முந்தையது; எனவே பழைய பட்டியலே அதில் இருந்தது. அப்படியானால் புதிய பட்டியல் இருந்த மூலம் எங்கே? புற வன்தட்டில் அழிக்கப்படுபவை அந்த வன்தட்டிலேயே மீள்சுழற்சித் தொட்டி என்னும் ஒரு மறைவான இடத்துக்குள் போகின்றன என்பதைப் புதியவர்கள் பலர் அறிவதில்லை. அழித்த கணக்கின் எண்ணே அந்தத் தொட்டியின் பெயராகும். வேறொரு கணினியில் பார்த்தால் அது கண்ணில் படாது. நான் அங்கே சென்று பார்த்தேன். தேவகியின் எண் அல்லாத வேறோர் எண். அதனுள்ளே ஒரு கோப்புறை. அதன் முந்தைய பெயர் ‘கடை மதகு’. அழிக்கப்பட்டது கூட்டம் முடிந்த இரண்டாம் நாள், காலை பத்தேகால் மணிக்கு.

கன்னியப்பன் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வன்தட்டு இரண்டே கணினிகளில்தான் இணைக்கப்படும். ஒன்று இது. அவருக்கு அது விளங்கவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. எனினும் எண் பொருந்துகிறதா என்று நேரில் பார்க்குமுன் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

“அந்தோணி, அந்த நாள் காலையில பெட்டி எங்க இருந்துச்சு?”

அவர் இடுப்பிலிருந்து ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்தார். வன்தட்டைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இரு பக்கத்தாரிடமும் கையெழுத்து வாங்குவது அவர் வழக்கம். அவர் கேட்டால் சிரித்துக்கொண்டே போடுவார்களாம். புரட்டிப் பார்த்தேன். கூட்ட நாள் மாலை முதல், நாங்கள் கூடியிருந்த நாளின் காலை வரை பெட்டி கடையூர் அலுவலகத்திலேயே இருந்தது. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து கன்னியப்பனுடையது.

“கடையூர் கம்ப்யூட்டரையும் பாக்கணும். வாங்க” என்றேன்.

“என் ஊர்லயா? இன்னாத்துக்கு?”

“பாத்துட்டுச் சொல்றேன்.”

மூலத்தை அங்கிருந்தே வெளியே எடுத்திருக்க முடியும். எடுத்திருந்தால், நான் எங்கிருந்தோ உண்டாக்கிய பட்டியல் என்ற பேச்சு மாலைக்குள் எழுந்திருக்கும். அழித்த கணினியே மீட்டுத் தர வேண்டும். அதை இரு ஊராரும் பார்க்க வேண்டும்.

வன்தட்டைக் கழற்றியதும் கன்னியப்பன் கை நீட்டினார். தேவகி தடுத்தார். “அண்ணே, நீ தொடாத. நீ தொட்டா மேலூரு ஒத்துக்காது. மேலூரு தொட்டா நீ ஒத்துக்க மாட்ட.”

எல்லார் பார்வையும் அந்தோணியிடம் சென்றது. அவர் சுவரைப் பார்த்தபடி, “வேலய வுட்டுத்தான் அனுப்பிட்டீங்களே. இப்ப யாரு எட்துக்கினு வர்றது?” என்றார். இம்முறை இரண்டு பக்கத்திலும் சிலர் சிரித்தார்கள். பிறகு அவரே துணிப்பையை விரித்தார்.

கடையூர் அலுவலகம் ஒற்றை அறை. சன்னல் வழியாகவும் பார்த்தார்கள். முதலில் அக்கணினியின் எண்ணைப் பார்த்தேன். தொட்டியின் பெயரோடு கடைசி இலக்கம் வரை பொருந்தியது. வன்தட்டில் எஞ்சியிருந்த நகலின் பெயரை எல்லாரிடமும் சொல்லி மாற்றி வைத்தேன். பின் மீள்சுழற்சித் தொட்டியைத் திறந்து, கன்னியப்பனை நாற்காலியில் அமரச் சொன்னேன். மீட்கும் பொத்தானை அவர் விரல்தான் அழுத்தியது. ‘கடை மதகு’ தன் இடத்துக்குத் திரும்பியது. பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் கடை மதகு இருந்தது. மேலூர்க்காரர் சன்னலுக்கு வெளியிலிருந்து தலையை நீட்டிப் படித்துவிட்டு, “ம், எய்தியும்தான் கீது” என்றார்.

கன்னியப்பன் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். “நம்ம கம்ப்யூட்டர்லேர்ந்தா போச்சு?” என்றார்.

“ஆமாங்க.”

அறையிலிருந்தவர்களுள் ஒருவர், ஒரே மாதிரி இரண்டு இருக்கிறதென்று யாரோ சொல்ல, ரெண்டு ஏடு ஆகாதென்று யாரோ ஒன்றை நீக்கியதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னார். சொன்னது யார், நீக்கியது யார் என்று கேட்டதற்கு விடை வரவில்லை. உண்மையாயின், ஊரின் விதியைக் காக்க முனைந்த கையே மூலத்தை நீக்கிவிட்டது. அந்தக் கையின்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. இரண்டு தோன்றும்படி வழிவிட்டவன் நான்.

கன்னியப்பன் வன்தட்டைத் தானே துணிப்பையில் சுற்றினார். அந்தோணியின் முன் நீட்டினார். “இந்தா. மேலூர்ல காட்டி, சாவிய வாங்கினு போய்த் தெற.”

அந்தோணி பையை வாங்கவில்லை. குறிப்பேட்டை நீட்டினார். “மொதல்ல கையெய்த்து போடுங்க நைனா.”

போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “காலைல ஏதோ பேசிட்டேன்” என்றார். அந்தோணி நேரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு நடந்தார். பகல் ஒன்றரை மணிக்குக் கடை மதகு திறந்தது. நான் கரைமேல் நின்று பார்த்தேன். அறுவடையில் கடையூர் நெல்லையே அறுத்தது. உத்திரமேரூருக்கு அந்நெல் வந்தபோது அதையும் பார்த்தேன்.

மறுநாள் நான் வன்தட்டின் அனுமதிகளைப் புதிதாக அமைத்தேன். இம்முறை விசைப்பலகையைத் தொடுமுன் இரு ஊராரையும் உட்காரவைத்து, எவர் எதை எழுதலாம், எவர் எதைப் படிக்கலாம் என்று அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்து தாளில் எழுதிக்கொண்டேன். ஒவ்வோர் ஊருக்கும் தன் கோப்புறையில் மட்டும் எழுதும் உரிமை. அந்த இரு கோப்புறைகளையும் நீக்கும் உரிமை எவருக்கும் இல்லை. முகப்பில் புதிய கோப்புறை உண்டாக்கும் உரிமையும் எவருக்கும் இல்லை. ஆதலால் ரெண்டு ஏடு தோன்ற வழியில்லை. கணினி மாறினால் எந்த எண்ணை எங்கே சேர்க்க வேண்டும் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி இரு அலுவலகச் சுவர்களிலும் ஒட்டினேன். அரை நாள் பிடித்தது. அதன்பின் தேவகியின் கணினி ஒருமுறை மாறியது. என்னை அழைக்காமல் அந்தப் பக்கத்தைப் பார்த்து அவரே சரிசெய்துகொண்டார். நான் கடையை ஒப்படைத்து ஓய்வு பெறும்வரை அந்த வன்தட்டுக்காக எனக்கு வேறு அழைப்பு வரவில்லை. என் பணிக்காலத்தில் நான் செய்தவற்றுள் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால், அந்த அரை நாளைத்தான் சொல்வேன்.

இனி, தெரியாதவை. தேவகியின் கணினியில் நகல் உண்டானது யார் கையால் என்பது தெரியாது. கடையூர்க் கணினியில் மூலத்தை நீக்கியவர் யார் என்பதும், அவர் ஏன் நகலை விட்டு மூலத்தைத் தேர்ந்தார் என்பதும் தெரியாது. நகலின் பெயரோடு கணினி தானே சேர்த்திருக்க வேண்டிய ‘நகல்’ என்னும் ஒட்டை நீக்கியவர் அவர்தாமா என்பதற்குப் பதிவு இல்லை. மதகுச் சுவரின் அச்சுப்படி என்ன ஆயிற்று என்பதும் தெரியாது. ஆட்டை நான் பார்க்கவில்லை.